டெல்ஃபார் பை காசுக்கு ஒர்த்தா? ஒர்த்து தான், ஆனா அது வெறும் பை இல்ல

முதல்லயே சொல்லிடுறேன், டெல்ஃபார்ங்கற நியூயார்க் லேபிளோட ஷாப்பிங் பேக் நல்ல பை, வாங்கலாம். தோல் கிடையாது, பாலியூரித்தேன்ல செஞ்ச செயற்கைத் தோல். மேல ஜிப் கிடையாது, காந்த பட்டன் மட்டும் தான். கையில தூக்க ரெண்டு குட்டைக் காது, தோள்ல மாட்ட நீள வார், முன்னாடி நடுவுல ஒரு வட்டமான லோகோ அதே கலர்லயே அழுத்தி பதிச்சிருப்பாங்க, லேபிளை ஆரம்பிச்ச டிசைனர் டெல்ஃபார் க்ளெமென்ஸோட பேர்ல வர்ற T, C அப்படிங்கற ரெண்டு முதலெழுத்து அது. வேற ஒண்ணும் கிடையாது. தங்கக் கலர் கொக்கி இல்ல, சங்கிலி இல்ல, குஞ்சலம் இல்ல. மூணு சைஸ், ஏகப்பட்ட கலர்.

இதை நான் மாட்டிட்டு நிக்கிற போட்டோ பார்த்துட்டு கோயம்புத்தூர்லேர்ந்து என் தங்கச்சி கேட்டா, "அக்கா, ரெக்சின் பைக்கு யாராச்சும் இவ்ளோ குடுப்பாங்களா?"ன்னு. நியாயமான கேள்வி. அதுக்கு வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்ல ஆரம்பிச்சு முடிக்க முடியல, அதான் இங்க எழுதுறேன், ஏன்னா இந்தப் பையைப் பத்தி பேசணும்னா நியூயார்க்ல ராத்திரி ரெண்டு மணிக்கு குடோன்ல நடந்த பார்ட்டிங்க, அங்க வந்த ஆளுங்க, அவங்க கையில இருந்த காசு, இது எல்லாத்தையும் சேர்த்து தான் பேசணும், பையை மட்டும் தனியா எடுத்து வெச்சு ரிவ்யூ பண்ணா அது பாதி ரிவ்யூ.

பையோட பிறப்புலேர்ந்து வரேன். 2014ல இது முதல்ல வந்துச்சு. கிறிஸ்மஸ் நேரத்துல நியூயார்க் தெருவுல பாதி பேர் கையில ப்ளூமிங்டேல்ஸ் கடையோட பேப்பர் பை இருக்கும், அதைப் பார்த்து தான் டெல்ஃபாருக்கு இந்த ஐடியா வந்துச்சு, அந்தப் பேப்பர் பையோட அளவு தான் இதுக்கும் அடிப்படை. நம்ம ஊர்ல தீபாவளிக்கு ஜவுளி எடுத்தா குடுப்பாங்களே கட்டப்பை, அதை அம்மா மடிச்சு பீரோக்கு மேல வெச்சு அப்புறம் ஊருக்குப் போக, கோயிலுக்குப் போக, ஆஸ்பத்திரிக்கு சோறு எடுத்துட்டுப் போகன்னு பத்து வருஷம் ஓட்டுவாங்க, அந்த மாதிரி ஒரு பை தான் இதோட தாத்தா. கட்டப்பையை பணக்காரங்களும் தூக்குவாங்க, கூலி வேலைக்குப் போறவங்களும் தூக்குவாங்க, ஆம்பள பொம்பள வித்தியாசம் கிடையாது, யாரும் யாரையும் பார்த்து "இது உனக்கு எப்படி கிடைச்சுது"ன்னு கேக்க மாட்டாங்க. ஒரு டிசைனர் இதைப் பார்த்து, ஆடம்பரப் பைக்கு எதிர்ப்பக்கம் நிக்கிற ஒரு பொருளை டிசைனர் பையா பண்ணலாம்னு நினைச்சது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

டெல்ஃபார் க்ளெமென்ஸ் 1985ல நியூயார்க்ல இருக்குற க்வீன்ஸ்ல பிறந்தவர், அப்பா அம்மா லைபீரியாக்காரங்க. சின்ன வயசுல குடும்பம் லைபீரியா போய், 1989 கடைசில அங்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சதால திரும்ப க்வீன்ஸுக்கே வந்துச்சு. அவங்க இருந்தது லெஃப்ராக் சிட்டில. க்வீன்ஸ்ல இருக்குற நம்மாளுங்களுக்கு தெரியும், லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வே மேல போகும்போது வரிசையா செங்கல் கலர்ல 18 மாடிக் கட்டடம் 20 நிக்குமே, அது. நாம தோசை சாப்பிட போற ப்ளஷிங் பிள்ளையார் கோயில்லேர்ந்து அது ஒண்ணும் தூரம் இல்ல. உலகத்துல இருக்குற எல்லா ஊர் ஆளும் அந்த டவர்ல குடியிருக்காங்க, லிஃப்ட்ல ஏறினா நாலு பாஷை கேக்கும். அங்கேர்ந்து அவங்க குடும்பம் மேரிலாண்ட் போச்சு, டெல்ஃபார் காலேஜுக்கு திரும்ப நியூயார்க் வந்தார், பேஸ் யுனிவர்சிட்டில படிச்சது அக்கவுண்டிங். ஃபேஷன் ஸ்கூல் இல்ல, அக்கவுண்டிங். பழைய துணியை வாங்கி பிரிச்சு வேற மாதிரி தெச்சு லோயர் ஈஸ்ட் சைட், சோஹோ பக்கம் சின்னக் கடைங்கள்ல விக்க ஆரம்பிச்சு, 2005ல டெல்ஃபார்ங்கற பேர்ல லேபிள் போட்டார். முதல் நாள்லேர்ந்தே ஆண் துணி பெண் துணின்னு பிரிக்கல. இன்னிக்கு எல்லா பெரிய பிராண்டும் ஜெண்டர்லெஸ்னு ஒரு கலெக்‌ஷன் விடுது, 2005ல அப்படி சொன்னா கடைக்காரங்க இதை எந்த ரேக்ல மாட்டுறதுன்னு தான் கேப்பாங்க. பத்து வருஷத்துக்கும் மேல பெரிய ஃபேஷன் உலகம் இவரை கண்டுக்கவே இல்ல.

அப்போ யார் கண்டுக்கிட்டாங்கன்னா பார்ட்டிக்கு வந்தவங்க. டெல்ஃபாரே டிஜேயா இருந்தவர் தான்.

நியூயார்க்ல ராத்திரி ஆட்டம்னா ஜாலியான விஷயம் மட்டும் இல்ல, அது சட்டப் பிரச்சனையாவும் இருந்துச்சு. 1926ல காபரே லான்னு ஒரு சட்டம் போட்டாங்க, லைசன்ஸ் இல்லாத பார்லயோ ரெஸ்டாரண்ட்லயோ மூணு பேர் சேர்ந்து ஆடினாக்கூட தப்பு. ஹார்லெம்ல கருப்பு வெள்ளை எல்லாரும் ஒண்ணா கலந்து ஆடுன ஜாஸ் கிளப்புகளை குறி வெச்ச சட்டம்னு தான் அதைப் பத்தி படிச்சவங்க சொல்றாங்க. 1940லேர்ந்து 1967 வரைக்கும் கிளப்ல பாடவோ வாசிக்கவோ போலீஸ் குடுக்குற கார்டு வேணும், பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் மாதிரி ஆளுங்களே அந்தக் கார்டு இல்லாம வருஷக்கணக்கா சொந்த ஊர் கிளப்ல வாசிக்க முடியாம கிடந்தாங்க. அந்த 1926 சட்டம் எப்போ போச்சு தெரியுமா, 2017ல. தொண்ணூறு வருஷத்துக்கு மேல. அதனால இந்த ஊர்ல அண்டர்கிரவுண்ட்னு சொன்னா அது ஸ்டைலுக்கு வெச்ச பேர் இல்ல, ஆட எடம் இல்லாதவங்க குடோன்லயும் லாஃப்ட்லயும் பழைய ஃபேக்டரிலயும் ஆடினதால வந்தது, அதுலயும் கருப்பினத்தவங்க, லத்தீனோ ஆளுங்க, கே, ட்ரான்ஸ் மக்கள், இவங்களுக்கு லைசன்ஸ் இருக்குற கிளப்போட வாசல்ல நிக்கிற பவுன்சரே ஒரு சுவரு.

2009ல வீனஸ் எக்ஸ்ங்கற டிஜே கெட்டோ காத்திக்னு ஒரு பார்ட்டி ஆரம்பிச்சாங்க, கூடவே ஷேய்ன் ஆலிவர் இருந்தார். ஹிப் ஹாப், காத், பால்ரூம், பிரேசில் ஃபங்க் எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அரைச்ச மாதிரி மியூசிக், யார் வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் உடுத்திட்டு வரலாம். அந்த ஷேய்ன் ஆலிவர் தான் 2006ல ரவுல் லோபஸ் கூட சேர்ந்து ஹூட் பை ஏர் லேபிள் ஆரம்பிச்சவர். ரவுல் லோபஸ் பின்னாடி லுவார்னு தனியா போட்டார், அவரோட ஆனா பையும் இப்போ ரொம்ப பிரபலம். இன்னொரு பக்கம் 2010ல டிஸ்னு ஒரு ஆன்லைன் மேகசின் வந்துச்சு, கலையா விளம்பரமா ஃபேஷனா நக்கலான்னு பிரிக்க முடியாத மாதிரி படம் போடுவாங்க, அந்தக் குழு தான் 2016ல ஒன்பதாவது பெர்லின் பியனாலேங்கற பெரிய கலைக் கண்காட்சியையே க்யூரேட் பண்ணுச்சு, அதுல டெல்ஃபாரும் இருந்தார். ஜூலியானா ஹக்ஸ்டபிள் மாதிரி கவிதை எழுதுற, டிஜே பண்ற, மாடலா நிக்கிற ஆர்ட்டிஸ்டுங்களும் அதே வட்டம், 2015ல நியூயார்க் நியூ மியூசியத்தோட ட்ரையனியல் கண்காட்சில ஃப்ராங்க் பென்சன் செஞ்ச அவங்க சிலை ரொம்ப பேசப்பட்டுச்சு. டெல்ஃபார் கூட கிரியேட்டிவ் டைரக்டரா நிக்கிற பாபக் ராட்பாய் வந்ததும் பிடூன்ங்கற மத்திய கிழக்கு கலைப் பத்திரிகைலேர்ந்து தான்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, இந்த கூட்டத்துல யாருக்கும் காசு கிடையாது, ஆனா உலகத்துல இருக்குற பெரிய ஃபேஷன் ஹவுஸ் எல்லாம் இவங்க போட்டோவை சுவத்துல ஒட்டி வெச்சு அடுத்த சீசன் டிசைன் பண்ணிட்டு இருந்துச்சு. பார்ட்டியில ஒருத்தன் முந்தாநாள் போட்ட சட்டை அடுத்த வருஷம் ஆயிரம் டாலர் விலையில கண்ணாடி ஷோகேஸ்ல நிக்கும், அதைப் போட்டவனால அந்தக் கடைக்குள்ள போக முடியாது. டெல்ஃபார் இதைப் பார்த்துட்டே வளர்ந்த ஆள். தன்னோட லேபிளுக்கு அவர் வெச்ச வாசகமே, இது உனக்காக இல்ல, எல்லாருக்காகவும்னு. எல்லா பிராண்டும் இந்த மாதிரி ஏதாச்சும் சொல்லும், பில்லைப் பார்த்தா தான் உண்மை தெரியும். இங்க பில்லும் அதையே தான் சொல்லுது. 2020ல சின்னது 150 டாலர், மீடியம் 202, பெருசு 257. சும்மா இல்ல, ஆர்ட்டிஸ்டுங்க நிறைய இருக்குற ப்ரூக்ளின் ஏரியாவான புஷ்விக்கையும், ஹெர்மெஸ் கம்பெனியோட ஆடம்பரப் பையான பிர்கினையும் சேர்த்து புஷ்விக் பிர்கின்னு இதுக்குப் பட்டப்பேர் வந்தப்போ, ஒரு நிஜ பிர்கின் பையோட விலைக்கு இதுல ஐம்பது வாங்கலாம்.

இங்க ஒரு ஆட்சேபணை வரும், என் தங்கச்சிக்கும் வந்துச்சு. 200 டாலர் எல்லாருக்கும் கட்டுப்படியாகுற விலையான்னு. இல்ல. மாச வாடகைக்கே தத்தளிக்கிறவங்களுக்கு 200 டாலர் பெரிய காசு. ஆனா ஒரு சிப்பந்தி, ஒரு நர்ஸ், ஒரு ஸ்டூடண்ட் ரெண்டு மூணு மாசம் எடுத்து வெச்சா வாங்கக்கூடிய விலை, வாங்கிட்டு தினமும் வேலைக்கு தூக்கிட்டுப் போகக்கூடிய பை, பூட்டி வெக்கிற பை இல்ல. ஏழாம் நம்பர் ட்ரெயின்ல, ஆர் ட்ரெயின்ல இதை மாட்டிட்டு வர்றவங்களைப் பாருங்க, ஆஸ்பத்திரி யூனிஃபார்ம்ல இருப்பாங்க, செக்யூரிட்டி யூனிஃபார்ம்ல இருப்பாங்க, பக்கத்துலயே கேலரில வேலை பாக்குறவங்களும் இருப்பாங்க. வேற எந்த டிசைனர் பைக்கும் இந்தக் கலவையை நான் பார்த்தது இல்ல.

விலை மட்டும் இல்ல, விக்கிற முறை தான் இவங்களோட உண்மையான டிசைன்னு நான் நினைக்கிறேன். 2020 ஜூலைல பை ஸ்டாக் வந்ததும் ரீசேல் பண்றவங்க ஓட விட்ட பாட் (bot) ப்ரோக்ராம்கள் மொத்தமா அள்ளிடுச்சு, சைட்டே படுத்துருச்சு, நிஜமா வேணும்னு காத்திருந்தவங்களுக்கு கிடைக்கல, அள்ளுன பையை ரெண்டு மடங்கு விலைல வித்தாங்க. வேற கம்பெனியா இருந்தா இதை மார்க்கெட்டிங்கா வெச்சு கொண்டாடியிருக்கும், டிமாண்ட் அதிகம்னு விலையை ஏத்தியிருக்கும். இவங்க என்ன பண்ணாங்கன்னா ஆகஸ்ட் 19ம் தேதி 24 மணி நேரம் கதவைத் தொறந்து விட்டாங்க, எந்த கலர், எந்த சைஸ், எத்தனை வேணும்னாலும் ஆர்டர் போடு, காசு கட்டு, உன் பை உனக்கு உறுதி, தெச்சு டிசம்பர் நடுவுலேர்ந்து அனுப்புறோம்னு. பேக் செக்யூரிட்டி ப்ரோக்ராம்னு பேர் வெச்சாங்க. நாலு மாசம் காத்திருக்கணும் தான், ஆனா ரீசேல் பண்றவனுக்கு அங்க வேலையே இல்லாம போச்சு. கம்பெனிக்கும் முன்கூட்டியே காசு, எவ்ளோ தெக்கணும்னு கணக்கு, மிச்சம் விழுந்து குப்பைக்குப் போறதும் இல்ல. அக்கவுண்டிங் படிச்ச ஆள்னு சொன்னேன்ல.

2023ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. டெல்ஃபார் லைவ்னு ஒண்ணு, புது துணி ஹோல்சேல் விலையில ஆரம்பிக்கும், நேரம் போகப் போக விலை ஏறும், வித்துத் தீர்ற நிமிஷத்துல விலை எங்க நிக்குதோ அது தான் அந்த துணியோட நிரந்தர விலை. யோசிச்சுப் பாருங்க, எதை ஜனம் ரொம்ப விரும்பி சீக்கிரம் வாங்குதோ அது தான் கம்மி விலைல நிக்கும். ஊர் உலகத்துல எல்லாரும் விரும்பினா விலை ஏறும், இங்க எல்லாரும் விரும்பினா விலை கம்மியிலயே நின்னுடும். பொருளாதாரம் படிச்சவங்க இதைப் பத்தி பக்கம் பக்கமா எழுதலாம், எனக்கு இது அந்த பார்ட்டி வாசல்ல சீக்கிரம் வந்தவங்களுக்கு கம்மி டிக்கெட் குடுக்குற பழக்கத்தோட நீட்சியா தான் தெரியுது. கூட்டம் சேர்றது தான் அவங்களுக்கு செல்வம், அதுக்கு தண்டனை எதுக்கு.

வொயிட் காசில் கதையும் சொல்லியாகணும். 1921ல ஆரம்பிச்ச மலிவு விலை பர்கர் கடை, நியூயார்க்ல பார்ட்டி முடிச்சுட்டு விடிகாலைல பசியோட போற எடம். 2015ல டெல்ஃபார் ஷோ முடிஞ்சு பார்ட்டி நடந்தது அங்க தான். 2017ல அந்தக் கடை ஊழியர்களோட யூனிஃபார்மையே டெல்ஃபார் டிசைன் பண்ணார், அதே டிசைன்ல பொது ஜனத்துக்கு வித்த துணில வந்த காசு ரைக்கர்ஸ் ஐலண்ட் ஜெயில்ல ஜாமீன் கட்ட வழியில்லாம கிடந்த சின்னப் பசங்களை வெளிய எடுக்கப் போச்சு. 2021ல கடையோட நூறாவது வருஷத்துக்கு திரும்ப புது யூனிஃபார்ம், அதுல டூராகும் சேர்த்து. கருப்பினத்துப் பசங்க தலைல கட்டுற அந்தத் துணியை கட்டிட்டு வந்தா ஸ்கூல்லயும் வேலை எடத்துலயும் வெளிய அனுப்புற நாட்டுல, ஒரு கம்பெனி யூனிஃபார்ம்ல அதைச் சேர்த்தது சின்ன விஷயம் இல்ல. அதே வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல லைபீரியா டீமுக்கு உடை செஞ்சதும் இவர் தான். போரால விட்டுட்டு வந்த ஊர். இதைப் படிச்சப்போ நம்ம ஈழத்து நண்பர்கள் நிறைய பேர் ஞாபகம் வந்தாங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்கள்ல ஒருத்தர் இப்படி வந்து நிக்கிற நாளும் வரணும்.

2017ல அமெரிக்க ஃபேஷன் டிசைனர்கள் சங்கமான சிஎஃப்டிஏவும் வோக் பத்திரிகையும் சேர்ந்து குடுக்குற ஃபேஷன் ஃபண்ட் பரிசு கிடைச்சுது, 4 லட்சம் டாலர், அதுல பெரிய பங்கு பை தயாரிப்பை பெருசாக்க போச்சு. 2019 பிப்ரவரில இர்விங் ப்ளாசாங்கற கச்சேரி மண்டபத்துல ஷோ, மாடலுங்க மேடை நுனிக்கு வந்து அப்படியே மல்லாக்க கூட்டத்துல சாய, ஜனம் தலைக்கு மேல கையில தாங்கி அனுப்புது, முதல் வரிசை சீட்டு, பின்வரிசை சீட்டு எதுவும் கிடையாது. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்க, இந்த லேபிள் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் இவ்ளோ எழுதினது அதுல ஒரு நிமிஷத்துல புரியும். அப்புறம் 2020ல சிஎஃப்டிஏ விருது, கூப்பர் ஹெவிட் டிசைன் விருது, 2022ல பியான்சே பாட்டுலயே பேர் வந்துச்சு. கேப் கம்பெனியோட போட்ட ஒப்பந்தம் கொரோனால நின்னு போச்சு, கெஸ்ங்கற பெரிய பிராண்டு பேர்ல அச்சு அசல் இதே மாதிரி ஒரு பை 2021ல வந்து, ஜனம் திட்டினதும் வாபஸ் வாங்கினாங்க.

இப்போ கடை. இருபது வருஷம் கிட்ட சொந்தக் கடையே இல்லாம ஓட்டி, 2024 நவம்பர்ல தான் முதல் கடை தொறந்தாங்க, 408 ப்ராட்வே, கேனல் ஸ்ட்ரீட்டுக்கு கொஞ்சம் தெக்க. எடத்தைக் கவனிங்க. கேனல் ஸ்ட்ரீட்டுன்னா ப்ளாட்பாரத்துல துணி விரிச்சு டூப்ளிகேட் டிசைனர் பை விக்கிற தெரு, நம்ம ஊர்லேர்ந்து யார் வந்தாலும் பாக்கணும்னு கேக்குற தெரு. ஒரிஜினல் வாங்க வக்கில்லாதவங்க டூப்ளிகேட் வாங்குற எடத்துக்கு ரெண்டு அடி தள்ளி, வாங்கக்கூடிய விலைல ஒரிஜினல். லெஃப்ராக் சிட்டி பக்கத்துல இருக்குற உட்ஹேவன் ஸ்டேஷன்ல ஆர் ட்ரெயின் ஏறினா மாறாம கேனல் ஸ்ட்ரீட்ல இறங்கலாம், அதை நினைச்சா எனக்கு சந்தோஷமா இருக்கு.

கடைக்குள்ள பையை கலர் வாரியா பாக்குறது தனி சுகம், போன் ஸ்க்ரீன்ல ஒரே மாதிரி தெரியற ரெண்டு ப்ரவுன் நேர்ல வேற வேற. யாரும் மேலயும் கீழயும் பார்த்து எடை போடுறது இல்ல, மாட்டிப் பாரு, கண்ணாடில பாரு, திரும்ப வெச்சுட்டு வேற எடு. பெரிய பிராண்டு கடைங்கள்ல நம்ம கலர்ல உள்ள ஆள் நுழைஞ்சா செக்யூரிட்டி கூடவே நடந்து வர்ற அனுபவம் நிறைய பேருக்கு இருக்கும், அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு இங்க தோள் தன்னால இறங்கும். ஆம்பள செக்‌ஷன் பொம்பள செக்‌ஷன் கிடையாது. துணியும் பாருங்க, பை வாங்கப் போறவங்க அதைப் பாக்காம வந்துடுறாங்க, அது எனக்கு வருத்தம். டி-ஷர்ட், போலோ, ஜீன்ஸ், ட்ராக் பேண்ட், ஹூடி, எல்லாம் நாம தினமும் போடுறது தான், ஆனா வெட்டுல எங்கயோ ஒரு எடத்துல விளையாடியிருப்பாங்க, தோள்ல ஒரு திறப்பு, ரெண்டு துணி ஒண்ணான மாதிரி ஒரு சேர்க்கை. தூரத்துலேர்ந்து சாதாரணம், கிட்டப் போனா தான் தெரியும். இவரோட மூளை பையை விட துணில தான் நிறைய வேலை செய்யுதுன்னு எனக்கு தோணுது. என்ன, அளவு போட்டுப் பார்த்து தான் வாங்கணும்.

எனக்கு இதுல மனசு உறுத்துற விஷயமும் உண்டு. இந்த லேபிள் ஜெயிச்சுது, இது வளர்ந்த எடங்கள் ஜெயிக்கல. ப்ரூக்ளின் வில்லியம்ஸ்பர்க்ல 285 கென்ட், டெத் பை ஆடியோ, க்ளாஸ்லேண்ட்ஸ்னு ஒரே தெரு முனைல மூணு எடம் இருந்துச்சு, 2014 ஒரே வருஷத்துல மூணும் கதையை முடிச்சுது, அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெரிய மீடியா கம்பெனி ஆபீஸ் வந்துச்சு. சைலண்ட் பார்ன் 2018ல மூடியாச்சு. ஆடுறவங்க புஷ்விக் போனாங்க, அங்கயும் வாடகை ஏற ரிட்ஜ்வுட் போனாங்க. பட்டப்பேர்ல புஷ்விக் இருக்கு, ஆனா அந்தப் பேர் வரக் காரணமா இருந்த பசங்கள்ல எத்தனை பேரால இன்னிக்கு புஷ்விக்ல வாடகை குடுக்க முடியும்? இதுக்கு ஒரு பை கம்பெனியைக் குத்தம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன், வெளி முதலீட்டாளர் கிட்ட விக்காம சொந்தமா வெச்சுக்கிட்டு, அதே வட்டத்து மியூசிக் ஆளுங்களையும் ஆர்ட்டிஸ்டுங்களையும் வேலைக்கு கூப்பிடுற லேபிள் இது. 2022 செப்டம்பர்ல ப்ரூக்ளின் ஃபுல்டன் ஸ்ட்ரீட்ல ரெயின்போன்னு ஒரு மலிவு விலை துணிக்கடையை எடுத்து ஒரு நாள் பை வித்தாங்க பாருங்க, ஃபேஷன் வீக் நேரத்துல, பக்கத்து ஏரியா ஜனம் அப்படி திரண்டுச்சு. ஆனா பை வாங்குற நாம, அந்த ஆட்ட எடங்களுக்கும் போகணும், டிக்கெட் வாங்கணும், இல்லேன்னா அடுத்த டெல்ஃபார் வர எடமே இருக்காதுன்னு நான் உண்மையா பயப்படுறேன். ரிட்ஜ்வுட்ல நவ்வடேஸ் இருக்கு, புஷ்விக்ல பாஸா நோவா இருக்கு, போய்ப் பாருங்க.

இனி வாங்குறவங்களுக்கு. சின்ன சைஸ் போன், சாவி, பர்ஸ், லிப்ஸ்டிக், அவ்ளோ தான், கல்யாணம் பார்ட்டிக்கு சரி. மீடியம் தான் என் சிபாரிசு, டிபன் பாக்ஸ், சின்ன லேப்டாப், ஒரு ஸ்வெட்டர் எல்லாம் போகும், சேலைக்கும் ஜீன்ஸுக்கும் பொருந்துது. பெருசு நிஜமாவே பெருசு, ரொப்பினீங்கன்னா தோள் வலிக்கும், குட்டையா இருக்குறவங்க மாட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஜிப் இல்லாததால கூட்டமான ட்ரெயின்ல பர்ஸை உள் பாக்கெட்ல போட்டு பையை முன்னாடி பிடிச்சுக்கோங்க. மழைக்கு பயமே இல்ல, ஈரத்துணியால துடைச்சா போச்சு. ஆனா இது பாலியூரித்தேன், தோல் மாதிரி பழகப் பழக அழகாகாது, எந்த செயற்கைத் தோலும் மடிப்புலயும் மூலைலயும் தான் முதல்ல விட்டுக் குடுக்கும், சென்னை வெயில்ல கார்ல போட்டு வெச்சா இன்னும் சீக்கிரம். விலங்குத் தோல் வேண்டாம்ங்கறவங்களுக்கு நல்லது, அதுக்காக இதை சுற்றுச்சூழலுக்கு நல்ல பைன்னு நான் சொல்ல மாட்டேன், ப்ளாஸ்டிக் ப்ளாஸ்டிக் தான். அடர் கலர்ல அழுக்கு தெரியாது, வெள்ளை எடுத்தா ஜீன்ஸ் சாயம் ஒட்டும்.

ரீசேல் சைட்ல கூட காசு குடுத்து வாங்காதீங்க, இந்தப் பையோட நோக்கத்துக்கே அது எதிர். இந்தியாவுல இருக்குறவங்க அமெரிக்கால யாராச்சும் வர்றப்போ வாங்கிட்டு வரச் சொல்லுங்க, கூரியர் கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தா விலை எங்கயோ போயிடும். என் தங்கச்சிக்கு மீடியம், கரும்பச்சை, எடுத்தாச்சு, பொங்கலுக்கு வரும்போது எடுத்துட்டு வரேன்.